மேலத்தெருவுக்கு முகாரி

ஓடைக்கரைப்பட்டியில் குழாயைத் திறந்து பார்த்துத் தண்ணீர் வந்ததைத் தெரிந்துகொள்கிறவர்கள் யாரும் கிடையாது. காதால் கேட்டே தெரிந்துகொள்வார்கள். சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில், திராட்சைப் பந்தல்களுக்குள் ஒளிந்து கிடக்கிற ஊர் அது. மேல்நிலைத் தொட்டியின் உச்சியில் நாலு திசைக்கு நாலு ஸ்பீக்கர், கீழே மோட்டார் ரூமில் நாலு சுவிட்ச். எந்தத் தெருவுக்குக் கர்ணன் வால்வைத் திறக்கிறானோ அந்தத் திசை ஸ்பீக்கர் மட்டும் பாடும். கீழத்தெருவுக்கு வயலின், வடக்குத்தெருவுக்கு வீணை, தெற்குத்தெருவுக்குப் புல்லாங்குழல். மேலத்தெருவுக்கு ஜாஸ்.

ஜாஸ் எப்படி இந்த ஊருக்கு வந்தது என்று கேட்டால், குமுளி வழியாக வந்தது. கர்ணன் இளவட்டத்தில் எட்டு வருஷம் குமுளிக்கு மேலே ஓர் ஏலத்தோட்ட பங்களாவில் ஜெனரேட்டர் ஓட்டினான். அந்த பங்களாவின் மலையாளி மேனேஜருக்குச் சாயங்காலமானால் சாக்ஸபோன் வேண்டும், காலையில் நாதஸ்வரம் வேண்டும். ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவில் அதைக் கேட்டுக் கேட்டுக் கர்ணனுக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது. வேலையை விட்டு இறங்கும்போது சம்பளத்தோடு ஒரு பெட்டி கேசட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவன் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். எல்லாம் இப்போது ஒரு பென் டிரைவில் இருக்கிறது.

கர்ணனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு ரெக்கார்டிங் ரூமில் வாசித்ததைப் போடமாட்டான். நாலு பேர் முன்னால் வாசித்ததைத்தான் போடுவான். வீணைக்கு நடுவில் யாராவது இருமவேண்டும், சாக்ஸபோனுக்குப் பின்னால் கண்ணாடித் தம்ளர் உரசவேண்டும். "சினிமாப் பாட்டுப் போட்டா என்னலே கேடு?" என்று பஞ்சாயத்துக்கு இரண்டு தடவை மனு போனது. அவன் மசியவில்லை. ஆறு மாதத்தில் ஊரே மசிந்தது. மேலத்தெருப் பெண்களுக்கு ஜாஸில் இரண்டாவது கைதட்டல் விழுந்தால் தண்ணீர் வேகம் குறையப் போகிறது என்று அர்த்தம். அந்தக் கைதட்டல் எந்தச் சீமையில் எந்தக் காலத்தில் தட்டியதோ, இங்கே நாற்பத்து மூன்று வீட்டில் குடம் மாறும்.

இழவுக்கும் அவன்தான். ஊரில் யாராவது செத்தால் முன்பு ரேடியோ செட் வைத்து நாள் முழுக்க அலறவிடுவார்கள். மூன்று வருஷத்துக்கு முன் பஞ்சாயத்தில் பேசி, செத்தவர் தெருப் பக்கத்து ஸ்பீக்கரில் ஒரே ஒரு தடவை நாதஸ்வரம் போட்டால் போதும் என்று ஆக்கினான். தவில் இல்லாமல், ஏதோ ஒரு கோயில் வாசலில் ஒருத்தர் தனியாக வாசித்த முகாரி, பதினோரு நிமிஷம். அதைக் கேட்டால் அந்தத் தெருக்காரர்கள் செய்கிற முதல் காரியம், வீட்டில் உள்ள தண்ணீரையெல்லாம் கொட்டிக் குடத்தைக் கவிழ்த்துவிட்டு அடுப்பை அணைப்பது. மேலத்தெருவில் அத்தனை வீடும் ஒரே வகையறா, பங்காளிகள். ஒரு வீட்டில் இழவு விழுந்தால் நாற்பத்து மூன்று வீட்டுக்கும் தீட்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு மேலத்தெருவுக்குச் சாக்ஸபோன் ஓடிக்கொண்டிருந்தது. முதல் கைதட்டல் விழுந்துவிட்டது. கர்ணன் மோட்டார் ரூம் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். விஜயபாண்டி செருப்பு இல்லாமல் ஓடிவந்தான். தொட்டிக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் திராட்சை போட்டிருக்கிறவன், முப்பத்தைந்து வயதுக்காரன். ஓடிவந்தவனுக்கு மூச்சு வாங்கியது.

"அண்ணே, மேலத்தெருவுக்குத் தண்ணி விட்டுட்டியாண்ணே?"

"பத்து நிமிசமாச்சு. ஏன்லே?"

"பேரல்ல பூச்சிமருந்து பாதி இல்லண்ணே. கரைச்சு வச்ச மருந்து. ஹோஸு உள்ளயே கெடந்துச்சு. அந்தப் பாதியையும் தண்ணி லயன் உறிஞ்சிருச்சுண்ணே."

கர்ணனுக்கு உடனே புரிந்தது. புரிந்ததுதான் கொடுமை. மேலத்தெருவுக்குப் போகிற குழாய் லயனின் வால்வுத் தொட்டியில் ஒரு சின்னக் குழாய் உண்டு. மருந்தடிக்கிற நாளில் அதில் ஹோஸை மாட்டிப் பேரலை நிரப்பிக்கொள்ள விஜயபாண்டிக்கு அனுமதி கொடுத்தவன் கர்ணனே. வாயால் கொடுத்த அனுமதி, எந்தத் தாளிலும் இல்லை. அன்றும் விடிகாலையில் அவனுக்காகக் கொஞ்சம் திறந்துவிட்டு, ஆறேகாலுக்கு அடைத்துவிட்டு, வடக்குத்தெருவுக்குத் திருப்பினான். மேலே அடைத்ததும், பள்ளத்தில் இருக்கிற மேலத்தெருவில் யாரோ குழாயைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். லயனில் நின்ற தண்ணீர் கீழே இறங்க இறங்க, மேலே பேரலுக்குள் முங்கிக் கிடந்த ஹோஸ் மருந்தை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஆறரைக்குக் கர்ணன் மறுபடி திறந்ததும் அது அத்தனையும் வீட்டுக் குழாய்களுக்குப் போய்ச் சேர்ந்தது. வாடை அதிகம் இல்லாத புது மருந்து. இருந்த வாடையையும் அன்று காலை போட்ட பிளீச்சிங் பவுடர் மூடியிருக்கும்.

டீ தம்ளர் எங்கே விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது. வால்வுச் சக்கரத்தைப் பிடித்து முழுக்க அடைத்தான். அடைத்து என்ன, பத்து நிமிஷத்துத் தண்ணீர் குடங்களில் இருக்கிறது. ஆறு நாற்பது என்றால் காப்பிக்கு உலை ஏறியிருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பாட்டிலை நிரப்பியிருப்பார்கள்.

மைக்கில் சொல்லலாம் என்றால் மைக் இல்லை. மாரியம்மன் கோயில் முளைப்பாரிக்கு வாங்கிக்கொண்டு போனவர்கள் மூன்று வாரமாகத் திருப்பித் தரவில்லை. இவனும் நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்துவிட்டான். மேலத்தெருவில் நாலு பேருக்குப் போன் போட்டான். நாலும் அடித்து ஓய்ந்தது. தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் எவள் போனைக் கையில் வைத்திருப்பாள்? வண்டியை எடுத்துப் பந்தல்களைச் சுற்றிப் போனால் மேலத்தெரு முனைக்கு ஆறு நிமிஷம், வீடு வீடாகச் சொல்ல இன்னொரு அரை மணி நேரம். அதற்குள் நாற்பத்து மூன்று வீட்டில் ஒரு வீடாவது குடித்துவிடும்.

சாக்ஸபோன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல இடம் அது, அவனுக்கு மிகவும் பிடித்த இடம். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாதி வாசிப்பில் அதை நிறுத்தினான். பென் டிரைவில் முகாரியைத் தேடினான். அவசரத்தில் இரண்டு தடவை வேறு எதையோ அமுக்கினான்.

"என்னண்ணே பண்ணுற?" என்றான் விஜயபாண்டி.

"தண்ணியக் கொட்டவைக்கிறேன்."

"அண்ணே, மலைச்சாமி பெரியப்பா அங்கன உசுரோட கெடக்காகண்ணே!"

அது கர்ணனுக்கும் தெரியும். மலைச்சாமிக்கு எண்பது தாண்டிவிட்டது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிப் பத்து நாள் ஆகிறது. இன்றைக்கோ நாளைக்கோ என்று தெருவே காத்திருக்கிறது. மேலத்தெரு ஸ்பீக்கரில் முகாரி கேட்டால் ஒரு ஆள்கூட யாருக்கு என்று கேட்கமாட்டார்கள். உயிரோடு கிடக்கிற மனுசனுக்கு இழவு சொல்வது எப்பேர்ப்பட்ட பாவம் என்றும் கர்ணனுக்குத் தெரியும். சுவிட்சைத் தட்டினான்.

நாதஸ்வரம் எழுந்ததும் மேலத்தெரு பக்கமிருந்து ஒரு பெண்ணின் குரல் "ஏ ஆத்தா" என்று வெடித்தது. அதைத் தொடர்ந்து இன்னும் நாலைந்து குரல்கள். கர்ணன் டிவிஎஸ் வண்டியை மிதித்துக் கிளப்பினான். கொட்டுவார்கள், கட்டாயம் கொட்டுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனான். பந்தல்களைத் தாண்டி, ஓடைப் பாலம் ஏறும்போதுதான் அந்த நினைப்பு வந்து நெஞ்சில் மிதித்தது.

ஒரு வீட்டில் மட்டும் கொட்டமாட்டார்கள். மலைச்சாமி வீட்டில். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மகள் பொன்னாத்தாளுக்கு அப்பன் மூச்சு விடுவது தெரியும். ஊரை ஏமாற்றிய முகாரி அவளை எப்படி ஏமாற்றும்? காலையில் குழாயில் பிடித்த முதல் தண்ணீரைத்தான் அவள் அப்பனுக்குக் கொடுப்பாள். மருந்து கனமாக வந்திருப்பதும் அந்த முதல் தண்ணீரில்தான்.

தெருமுனையில் சாக்கடை நிரம்பி ஓடியது. இரண்டு பக்கமும் குடங்கள் கவிழ்ந்து கிடந்தன. பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு மலைச்சாமி வீட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள். கர்ணன் வண்டியை அப்படியே போட்டுவிட்டு அவர்களை இடித்துக்கொண்டு ஓடினான். வீட்டு வாசலில் பொன்னாத்தாள் விளக்குமாற்றோடு நின்றாள்.

"யாரு செத்தாகன்னு வாரீக? எங்கய்யா மூச்சு விட்டுக்கிட்டுக் கெடக்காரு. எவன் போட்டான் அதை? அவன் வாயில மண்ணு விழ!"

"அக்கா, தண்ணி குடுத்தியா?"

"ஏலே கர்ணா, நீயா? உனக்கு நாங்க என்னலே கேடு செஞ்சோம்?"

விளக்குமாறு தோளில் விழுந்தது. அடுத்தது முகத்தில் விழுந்தது. கர்ணன் அதை வாங்கிக்கொண்டே உள்ளே நுழைந்தான். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் சில்வர் தம்ளர் இருந்தது. எடுத்துப் பார்த்தான். பாதி இருந்தது.

"மீதி எங்கக்கா? மீதித் தண்ணி எங்க?"

அவன் குரலைக் கேட்டதும் பொன்னாத்தாளின் கை இறங்கியது. "ரெண்டு வாய் ஊத்தினேன். அதுக்குள்ள உன் நாயனம் கேட்டுச்சு. பாதி தலகாணியில வழிஞ்சிருச்சு. ஏன், என்னாச்சு?"

"முழுங்குனாகளா?"

"தெரியலையே. தொண்டை அசைஞ்ச மாதிரித்தான் இருந்துச்சு. என்னலே ஆச்சு, சொல்லித் தொலை."

வெளியிலிருந்து சங்கிலி உள்ளே பாய்ந்து வந்து கர்ணனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். மலைச்சாமியின் தம்பி மகன் அவன். கோபம் வந்தால் ஆள் அடையாளம் பார்க்கமாட்டான். கர்ணனை இழுத்துக்கொண்டு போய்த் தெருவில் தள்ளினான். நாலு பேர் சுற்றிக்கொண்டார்கள். கர்ணன் "தண்ணில மருந்து, தண்ணில மருந்து" என்று கத்தினான். ஒருத்தர் காதிலும் விழவில்லை. உயிரோடு இருக்கிறவரைச் சாகடித்துவிட்டு இவன் என்ன உளறுகிறான் என்றுதான் நினைத்தார்கள். அடி விழுந்தது, பல் ஒன்று ஆடியது.

அப்போது சாக்கடை ஓரம் ஒரு கோழி சுற்றிச் சுற்றி வந்து சாய்ந்தது. கொட்டிய தண்ணீரைக் கொத்திக் குடித்த கோழி. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று காலை நீட்டியது. மூன்றாவது கோழி இறக்கையை அடித்துக்கொண்டு சங்கிலியின் காலடியிலேயே விழுந்தது. சங்கிலியின் கை சட்டையிலிருந்து தானாக நழுவியது. ஒரு தாய் ஓடிப்போய்த் தன் பிள்ளையின் பள்ளிக்கூடப் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தாள். முகாரி இன்னும் முடியவில்லை, தொட்டி மேலிருந்து வந்துகொண்டே இருந்தது.

கர்ணன் மண்ணில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். விஜயபாண்டி பெயரைச் சொன்னான். அதற்கு முன்னால் தன் பெயரைச் சொன்னான். "ஹோஸு மாட்ட நான்தான் விட்டேன். யாரையும் கேக்கல. தப்பு என்னுது." சொல்லி முடித்தபோது அவனை யாரும் அடிக்கவும் இல்லை, கை கொடுத்துத் தூக்கிவிடவும் இல்லை.

மலைச்சாமியை ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, விஷம் ஏறிய அடையாளம் ஏதும் இல்லை, பழைய வியாதிதான் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். தெருவில் வேறு ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கர்ணன் இழவு சொன்ன அந்த நேரத்தில் அத்தனை வீட்டிலும் தண்ணீர் அடுப்பிலோ குடத்திலோ பாட்டிலிலோதான் இருந்தது. அதிகாரிகள் வந்து லயனைக் கழுவினார்கள், சாம்பிள் எடுத்தார்கள், கர்ணனிடம் எழுதி வாங்கினார்கள், சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். வால்வு வேலைக்குச் சுரேஷ்கண்ணன் என்கிற பையனைப் போட்டார்கள். அவனுக்கு இசையும் தெரியாது, விவரமும் தெரியாது. ஆனால் சுவிட்சில் கர்ணன் எழுதி ஒட்டியிருந்ததைப் படித்துப் படித்து அந்தந்தத் தெருவுக்கு அதையதைப் போட்டான். மற்ற தெருக்களுக்கு வழக்கம்போல வீணையும் வயலினும் போயின.

மேலத்தெருவில்தான் சிக்கல். ஸ்பீக்கர் கரகரத்தால் போதும், அந்தப் பெண்கள் குடத்தை எட்ட வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார்கள். முதல் குடத்தைக் கோழிக்கு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். இரண்டாவது கைதட்டலை யாரும் கணக்கில் வைக்கவில்லை. கர்ணன் இதையெல்லாம் வீட்டுக்குள் இருந்தபடி காதில் வாங்கினான். இரவும் பகலும் அவனை அரித்தது வேறு. அந்த இரண்டு வாய்த் தண்ணீர். தொண்டை அசைந்ததா, அசையவில்லையா? ஆஸ்பத்திரியில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்தான். அவன் மனசு அந்தச் சீட்டை ஏற்றுக்கொள்ளவில்லை.

இருபத்து மூன்றாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு மலைச்சாமி செத்துப்போனார்.

பொன்னாத்தாள் சுரேஷ்கண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள். அவன் முறைப்படி மேலத்தெரு ஸ்பீக்கரில் முகாரியைப் போட்டான். கர்ணன் வீட்டில் அது மெல்லக் கேட்டது. எழுந்து சட்டையை மாட்டினான். போகலாமா, போனால் அடித்து விரட்டுவார்களா என்று யோசித்துக்கொண்டே நடந்தான். மேலத்தெரு முனைக்கு வந்ததும் நின்றுவிட்டான்.

தெருவில் தண்ணீர் ஓடியது. அத்தனை வீட்டிலும் கொட்டியிருந்தார்கள். பாட்டில்களைக்கூடக் கவிழ்த்திருந்தார்கள். ஆனால் ஒரு அழுகுரல் இல்லை. பாதிப் பேர் வெறுங்குடத்தோடு, தண்ணீரில் மறுபடியும் மருந்தா என்று சுரேஷ்கண்ணனைப் பிடித்து உலுக்கத் தொட்டிப் பக்கம் போயிருந்தார்கள். மீதிப் பேர் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, கோழிகளைக் கூடையில் போட்டு மூடிவிட்டு, கதவைச் சாத்தியிருந்தார்கள். மலைச்சாமி வீட்டு வாசலில் ஒரு செருப்புகூட இல்லை.

கர்ணன் உள்ளே போனான். பொன்னாத்தாள் அப்பனின் தலைமாட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். முகாரி முடிந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவள் அழுது முடித்திருந்தாளா, அழவே இல்லையா என்று தெரியவில்லை. அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"பார்த்தியாலே. எங்கய்யாவுக்கு ஒரு நாதி இல்ல. நாப்பத்து மூணு வீட்டுப் பங்காளி இருந்தும் ஒருத்தர் வரல."

 கர்ணன் அவள் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். இத்தனை நாள் கேட்காததைக் கேட்டான்.

"அக்கா, அன்னைக்கு அந்த ரெண்டு வாய்..."

"அதை இப்பக் கேக்காத." அவள் அப்பனின் வாயை முந்தானையால் துடைத்தாள். "நீ போட்ட நாயனம்தானே எல்லாரையும் இப்படி ஆக்கிருச்சு? நீயே போய்ச் சொல்லு. வீடு வீடாப் போய்க் கூட்டியா. எங்கய்யாவ அனாதையாக் கெடத்தாத."

அவன் எழுந்தான். முதல் வீடு சங்கிலியுடையது. கதவு சாத்தியிருந்தது. தட்டினான். உள்ளே பேச்சு நின்றது. சங்கிலி கதவைக் கால்வாசி திறந்து, ஆளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான்.

"தண்ணியெல்லாம் கொட்டியாச்சு. பிள்ளைகளும் குடிக்கல. இன்னும் என்ன?"

"தண்ணிக்கு இல்லப்பா. பெரியப்பா போயிட்டாக."

 கதவு அதற்கு மேல் திறக்கவில்லை.

"அன்னைக்கும் இப்படித்தான் சொன்ன."

"சத்தியமாப்பா. இப்பப் பார்த்துட்டுத்தான் வாரேன். உடம்பு இன்னும் சூடாக் கெடக்கு. உங்கக்கா ஒத்தையில உக்காந்திருக்கு."  கர்ணன் பிறர் வீட்டு வாசலில் நின்று சின்னப் பிள்ளைபோல் விசும்பி அழுதான். சங்கிலி அந்த அழுகையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு உள்ளே திரும்பி, துண்டை எடுக்கச் சொன்னான்.

கர்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினான்.